ஹாரன் அண்ணனின் 'இல்லாட்டி'

இந்த உலகத்தில் வாயாலேயே ஹாரன் அடித்து வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் ஹாரன் அண்ணன்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சந்தேகம் இருக்கிறவர்கள் ஏற்காட்டுக்கு வந்து விசாரித்துக்கொள்ளலாம்.

ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு கிராமத்துக்குப் போகும் பஸ்ஸை ஓட்டி ஓய்வு பெற்றவர். பஸ்ஸை விட்டார், வளைவுகளை விடவில்லை. எங்கே திரும்பினாலும் "பாம்... பாம்..." என்று சத்தம் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவார். மளிகைக்கடை முக்கு, கல்யாணப் பந்தி, சர்ச்சில் நற்கருணை வாங்கிவிட்டு பெஞ்சுக்குத் திரும்பும் இடம், எதற்கும் விலக்கு இல்லை. ஒருமுறை ஆஸ்பத்திரியில் ஊசி போடத் திரும்பிப் படுக்கச் சொன்னார்களாம். அதற்கும் "பாம்... பாம்". நர்ஸ் பயத்தில் ஊசியைக் கீழே போட்டுவிட்டாள்.

மலைப்பாதையில் ஒரு வழக்கம் உண்டு. ஏறி வருகிற வண்டிக்கு, இறங்குகிற வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும். அண்ணன் அதை மாடிப்படியிலும் கடைப்பிடித்தார். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் எனக்கு ரிசப்ஷன் வேலை. துவைத்த போர்வைகளைச் சுமந்துகொண்டு நான் படியேறினால், மாடியில் தங்கும் டிரைவர்களைப் பார்த்துவிட்டு எதிரே இறங்கி வரும் அண்ணன் சுவரோடு சுவராக ஒட்டி நின்றுவிடுவார்.

"நீங்க போங்க அம்முணி. ஏறுற வண்டிக்குத்தானுங்க வழி!"

என்னை வண்டி என்று சொன்னதற்கு நான் கோபப்பட்டிருக்க வேண்டும். ஏனோ வரவில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதர்தான், பெற்ற மகளுக்கு மட்டும் வழிவிடத் தவறினார். மனைவி போன பிறகு அவருக்கு இருந்தது ஸ்டெல்லா ஒருத்திதான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. புதுக் கார் வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு மலையேற வந்தாள். இவர் சேலத்துக்கே போய்க் காத்திருந்து, காரில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அடிவாரத்திலிருந்தே ஆரம்பம். "கியரை மாத்து கண்ணு! ஹாரன் அடி கண்ணு!" கடைசியில் ஒரு கொண்டை ஊசி வளைவில் கையை நீட்டி ஸ்டியரிங்கையே பிடித்துத் திருப்பிவிட்டார்.

ஸ்டெல்லா வண்டியை ஓரம் கட்டினாள்.

"எறங்குங்கப்பா."

இறங்கினார். அவள் அங்கேயே காரைத் திருப்பிக்கொண்டு கீழே போய்விட்டாள். அண்ணன் மீதி மலையை நடந்தே ஏறி வந்தார். அன்றைக்கு எந்தத் திருப்பத்திலும் அவர் சத்தம் கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் ஸ்டெல்லா போன் மட்டும் செய்வாள். "நல்லா இருக்கீங்களா, மாத்திரை போட்டீங்களா." அவ்வளவுதான், வைத்துவிடுவாள். கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சர்ச் ஹாலில் ஞாயிறு மதியம் இலவசக் கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பித்தார்கள். லாட்ஜ் வேலைக்கு உதவுமே என்று நான் போனேன். கதவு மூலையில் "பாம்... பாம்". அண்ணன்!

"உங்களுக்கு எதுக்குங்கண்ணா இது?"

"எம்பொண்ணுக்குப் புரியற பாஷையில ஒண்ணு சொல்லோணும் அம்முணி. நம்ம பாஷையில வாயத் தொறந்தாலே சண்டை வந்துருதுங்க."

பாடம் எடுத்தது ஒரு சின்னப் பெண். எல்லாருக்கும் மிஸ். முதல் புரோகிராம்: கம்ப்யூட்டர் வயதைக் கேட்கும், பதினெட்டு ஆகியிருந்தால் 'ஓட்டுப் போடலாம்', இல்லாட்டி 'முடியாது'. அண்ணன் கையைத் தூக்கிவிட்டார்.

"ஏனுங்க மிஸ், வயசக் கேட்டா ஊருல எவன் உண்மையச் சொல்றான்?"

"சரிங்கய்யா. உங்களுக்குத் தெரிஞ்ச கேள்வியா ஒண்ணு வைங்க."

வைத்தார். 'எதுக்க வண்டி வருதா?' ஆமா என்றால் 'நில்லு'. இல்லாட்டி 'போ'. முதலில் ஓட்டிப் பார்க்கும் மரியாதையை எனக்குக் கொடுத்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரே மூடுபனி. நான் குறும்பாக 'தெரியலை' என்று தட்டினேன். கம்ப்யூட்டர் யோசிக்கவே இல்லை. 'போ' என்றது.

அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். "ஐயையோ! ஒரு பஸ் சனத்தையும் பள்ளத்துல உட்டுட்டீங்களே அம்முணி!"

மிஸ் விளக்கினார். 'ஆமா' என்ற ஒரு வார்த்தையைத் தவிர வேறு என்ன தட்டினாலும் அது 'இல்லாட்டி' பக்கம் போய்விடும். அண்ணன் திரையில் அந்த 'இல்லாட்டி' மேல் விரலை வைத்தார்.

"அப்ப மனுசன் என்னத்த உளறுனாலும் கடைசில இங்கதான் வந்து சேருவானுங்களா?"

"ஆமாங்கய்யா."

"அப்ப இந்த எடத்துலதான் நல்ல வார்த்தைய வெக்கோணும்."

மழைக்காலம் முடிவதற்குள் மகளுக்கான புரோகிராமை எழுதி முடித்தார். ஒற்றை விரலால் தட்டுவார். ஒவ்வொரு வரி முடிந்து அடுத்த வரிக்குத் திரும்பும்போதும் "பாம்". அவருக்குப் பக்கத்தில் உட்கார ஆளே கிடையாது, என்னைத் தவிர. முடித்ததும் எங்களுக்குப் போட்டுக் காட்டினார்.

'கோவம் போச்சா?' என்று கேட்டது. 'ஆமா' என்றால் 'அப்ப வா கண்ணு'. 'இல்லை' என்றால் 'நாயந்தான். இருந்தாலும் வா கண்ணு'. வேறு எதைத் தட்டினாலும், 'நீ ஏறி வா கண்ணு. அப்பன் ஒதுங்கி நிக்கறேன்'.

மிஸ் சிரித்துவிட்டார். "ஐயா, எந்தப் பக்கம் போனாலும் வான்னே முடியுதே. அப்புறம் கேள்வி எதுக்குங்க?"

"கேக்காம வான்னா அது அதட்டறதுங்க மிஸ். கேட்டுப்போட்டு வான்னாத்தான் மரியாதை."

மிஸ் அப்புறம் சிரிக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்கும்படி ஒரு வரி மட்டும் சேர்த்து, ஸ்டெல்லாவுக்கு அனுப்பிவைத்தார்.

இரண்டு நாள் கழித்து பதில் வந்தது, திரையைப் படம் பிடித்து. அண்ணன் போனைத் தூக்கிக்கொண்டு லாட்ஜுக்கே ஓடி வந்தார்.

'எதுக்குப்பா ஸ்டியரிங்கைப் புடிச்சீங்க?' என்று தட்டியிருந்தாள் ஸ்டெல்லா. கீழே, 'நீ ஏறி வா கண்ணு. அப்பன் ஒதுங்கி நிக்கறேன்'.

'எனக்கு ஓட்டத் தெரியாதா?' அதற்கும் அதே பதில்.

'அப்பா, பேசுங்க.' அதே பதில்.

"பாருங்க அம்முணி! புள்ளை என்னென்னமோ கேக்குது, இந்தச் சனியன் சொன்னதையே சொல்லுதுங்களே! போச்சு, காரியம் கெட்டுப்போச்சு!"

"கெடலைங்கண்ணா. இதுக்கு முன்னாடி அவ இவ்வளவு பேசியிருக்காளா?" என்றேன். அண்ணன் போனை வாங்கி மறுபடி முதலிலிருந்து படித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஹாலுக்குக் கீழே இருக்கும் வளைவில் இரண்டு ஹாரன். நிஜ ஹாரன். அண்ணன் மவுஸை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினார், பின்னாலேயே நாங்கள்.

கார் முக்கி முனகிக்கொண்டு ஏறி வந்தது. தப்பான கியர் என்று ஓட்டத் தெரியாத எனக்கே தெரிந்தது. அண்ணன் மண்மேட்டோடு ஒட்டி நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "செகண்டு கிய..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். கார் ஒருமுறை அணைந்து, பின்னால் நழுவி, மறுபடி கிளம்பியது. அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. கண்ணிலிருந்து மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

ஸ்டெல்லா கண்ணாடியை இறக்கினாள். "ஏறுங்கப்பா. ஊட்டுக்குப் போலாம்."

"நான் பின்னாடி உக்காந்துக்கறேன் கண்ணு," என்றார் அண்ணன்.

மலைக் குளிர் முழங்காலுக்கு ஆகாது என்று போன வருஷம் ஸ்டெல்லா அவரைப் பெங்களூருக்கே கூட்டிப்போய்விட்டாள். பின் சீட்டில் உட்கார்ந்துதான் இறங்கிப் போனார். வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து ஏற்காட்டில் எல்லா மூலைகளும் ஊமையாகிவிட்டன. நேற்று மளிகைக்கடை முக்கில் நானும் இன்னொருவரும் முட்டிக்கொண்டோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வலியால் என்று நினைத்து அந்த ஆள் பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டார்.

அந்தப் புரோகிராமை அப்போதே மிஸ்ஸிடம் கேட்டு வாங்கி லாட்ஜ் கம்ப்யூட்டரில் போட்டு வைத்தேன், இன்னும் இருக்கிறது. கூட்டம் இல்லாத மதியங்களில் அதைத் திறப்பேன். 'எப்பங்கண்ணா வருவீங்க?' என்று தட்டுவேன். 'நீ ஏறி வா கண்ணு. அப்பன் ஒதுங்கி நிக்கறேன்' என்கிறது அது.

நான் மேலேதான் இருக்கேனுங்கண்ணா. நீங்க ஏறி வாங்க. இந்த ஊரே ஒதுங்கி நிக்குதுங்க.