ரோஸ் மேலங்கி

விருத்தாசலத்துப் பொம்மைப் பட்டறைகளில் மட்டுமல்ல, உலகத்தில் எங்கே தேடினாலும் 'ஆறட்டும்' அண்ணனைப் போல அவசரமே இல்லாத மனிதர் கிடைக்கமாட்டார். அவர் சூளைக்காரர். நான் அதே பட்டறையில் பீங்கான் பொம்மைகளைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். சூளையை அணைத்தபின் முழுதாக ஆறும்வரை கதவைத் திறக்கக் கூடாது, திறந்தால் பொம்மை விரிசல் விடும். எங்களுக்கு அது தொழில் விதி. அண்ணனுக்கு அதுதான் வாழ்க்கையே.

"அண்ணே, பெண்ணாடம் பஸ்ஸு கிளம்புது, ஓடியாங்க!"

"ஆறட்டும்பா."

பஸ் போய்விடும். டீ மாஸ்டர் கூப்பிட்டாலும் அதே பதில். முதலாளி முகம் சிவக்கக் கத்தினாலும் அதே பதில்.

இப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் பறப்பார். டி.வி.யில் தமிழ் பேசி வந்த ஒரு மாயாஜாலக் கார்ட்டூன் தொடர். நீல மேலங்கி போட்ட ஒரு பெண், மேகங்களை மேய்த்துக்கொண்டே காணாமல் போன தம்பியைத் தேடுவாள். அண்ணனும் அவர் மனைவி லூர்து அக்காவும் ஒரு நாள் விடாமல் பார்த்தார்கள். தெருப் பிள்ளைகளும் அவர்கள் வீட்டில்தான் வந்து உட்காருவார்கள். நடுவில் எவனாவது வாயைத் திறந்தால் அண்ணன் வெளியே அனுப்பிவிடுவார். கடைசிப் பகுதியில் அந்தப் பெண் ஆற்றுக்கு இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம், நடுவில் பனி. அத்தோடு முடித்துவிட்டார்கள்.

"இது நாயமா? பாதியில வுட்டுட்டுப் போனா என்னா அர்த்தம்?" என்று ஒரு வாரம் எங்கள் உயிரை வாங்கினார்.

அந்த வருஷமே லூர்து அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். கட்டிக்கொண்டிருந்த வீடும் பாதியில்தான் நின்றிருந்தது. போன இடத்தில், அந்த வீட்டுக் குழந்தையின் அலமாரியில் அதே மேகக்காரி! டி.வி. விட்ட இடத்திலிருந்து கதை படப் புத்தகங்களாக, பாகம் பாகமாக வந்துகொண்டிருந்ததாம். அக்கா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பினார். இங்கிலீஷைக் குழந்தையிடம் கேட்டுக்கொண்டு, தமிழில் வாய்ஸ் மெசேஜும் போடுவார்.

"என்னாங்க, இப்ப அவ மேகத்து மேல ஏறிட்டா. கீழ பாத்தா ஒரே தண்ணி. நீங்க சாப்டீங்களா?"

சூளை ஆறும் நேரத்தில்தான் அண்ணன் அதைப் போடுவார். பட்டறை ஆட்கள் நாங்கள் ஏழு பேரும் சுற்றி நிற்போம். 'சாப்டீங்களா' வந்ததும் ஏழு பேரும் ஒரே குரலில், "சாப்டோம்க்கா!" என்போம். அக்காவுக்கு எங்கே கேட்கப்போகிறது?

ஒரு நாள் புதுப் பாகத்தின் படம் வந்தது. மேலங்கி நீலமில்லை. வெளிறிப்போன ரோஸ்.

"கலர மாத்திட்டானுங்கண்ணே," என்றேன்.

"மாத்தல. இன்னும் சுடல," என்றார் அண்ணன்.

சிரிக்காதீர்கள். எங்கள் பட்டறையில் நீலம் வரவேண்டிய பூச்சு, பூசும்போது ரோஸாகத்தான் இருக்கும். சூளையில் வெந்தால்தான் நீலம். புத்தகம் போடுகிறவர்களும் சூளை வைத்திருப்பார்கள் என்று அவர் மனதார நம்பினார். நம்பியதோடு விடாமல், அந்தப் பெண்ணைச் சாண் உயரப் பொம்மையாகச் செய்தார். ஒரு முறை சுட்டு, மேலங்கிக்குப் பூச்சைத் தடவி, அலமாரியில் வைத்தார். இரண்டாவது முறை சுடமாட்டேன் என்றுவிட்டார்.

"லூர்து வரட்டும். நீலமாவறத அது கண்ணால பாக்கணும்."

சுடாத பூச்சு விரல் பட்டாலே மாவாக உதிரும். இரண்டு வருஷம் அந்தப் பொம்மைக்கு நடந்த காவலைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். தும்மல் வந்தால் நாங்கள் வெளியே ஓட வேண்டும். பல்லியை விரட்டவே ஒரு குச்சி வைத்திருந்தார். ஆனால் தினமும் வீட்டுக்குப் போகுமுன் அதன் முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். அதைப் பார்த்தால் எங்களுக்குச் சிரிப்பு வராது.

லூர்து அக்கா பத்து நாள் லீவில் வந்தார். சூளை நிரம்பினால்தான் மூட்டுவார்கள். அது நிரம்பி, ரோஸ் பொம்மையும் உள்ளே போவதற்குள் எட்டு நாள் ஓடிவிட்டது. பத்தாம் நாள் பையும் கையுமாக அக்கா பட்டறைக்கு வந்தபோது, சூளையை அணைத்தாகிவிட்டது, ஆறவில்லை. சென்னை பஸ்ஸுக்கு அரை மணி நேரம்தான்.

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கடிகாரம் பார்த்து நான் பார்த்ததேயில்லை. கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு சூளைக் கதவைப் பிடித்துவிட்டார்.

"விரிசல் வுட்டா வுட்டுட்டுப் போவுது. நீ பாத்துட்டுப் போ."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆறட்டுங்க," என்றார். "ராத்திரி ரயிலு இருக்குது. அதுல போயிக்கறேன்."

இருவரும் சூளைக்குப் பக்கத்தில் காலிப் பெட்டிகள்மேல் உட்கார்ந்தார்கள். அக்கா போனில் கடைசிப் பாகத்தைத் திறந்தார்.

"தம்பி கெடைச்சானா இல்லியான்னு மொதல்ல சொல்லிடவா?"

"வேணாம். மெதுவா வா."

மேலங்கி நல்ல நீலமாகத்தான் வந்தது. பொம்மையைக் காகிதத்தில் சுற்றி அக்காவின் பையில் வைத்தது நான்தான். ஆனால் காகிதத்தோடு தள்ளி நின்ற அந்த மூன்று மணி நேரம்தான் எனக்கு மறக்கவில்லை. சூளை சீக்கிரம் ஆறிவிடக் கூடாதே என்று என் ஆயுசில் நான் வேண்டிக்கொண்டது அன்று மட்டும்தான்.