சர்வீஸ்காரனுக்கு ஒரு சீட்டு

ஒன்று, இன்றைக்கு நான் விமானத்தில் ஏற வேண்டும். இல்லை, அந்த விமானமே தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. இந்தச் சபதத்தோடுதான் டை கட்டிக்கொண்டு கெய்ரோ விமான நிலையத்துக்குள் நுழைந்தேன்.

இருபத்தொரு வருஷமாக இதே கம்பெனியில் என்ஜின் கழற்றி மாட்டுகிறவன் நான். எங்களுக்கு ஒரு சலுகை உண்டு. காசு கொடுத்தவர்கள் ஏறிய பிறகு இடம் மிச்சமிருந்தால் ஊழியரும் மனைவி மக்களும் சும்மா போகலாம். சர்வீஸ் அதிகம் உள்ளவருக்கு முதல் இடம். சட்டம் அப்படித்தான். ஆனால் கவுண்டரில் சட்டமா உட்கார்ந்திருக்கிறது? ரிஃபத் சார் அல்லவா உட்கார்ந்திருக்கிறார்! அவர் மச்சினி பறந்துவிட்டாள். மச்சினிக்குத் துணி தைப்பவள் பறந்துவிட்டாள். இன்னும் அவர் வீட்டுப் பூனைதான் பாக்கி. விமானத்தைப் பறக்க வைக்கிற நான் மட்டும் மாமனார் ஊரான அஸ்வானுக்கு ரயிலில் போகிறேன். தூசி படிந்த முகத்தோடு இறங்கினால் மாமனார் ஊரையே கூப்பிட்டுச் சொல்வார்: "இவருதான் எங்க மாப்பிள்ளை. பிளேன் கம்பெனியில இருக்காரு. ரயில்ல வந்திருக்காரு." வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

அன்று சாயங்காலம் அஸ்வானில் என் மனைவி நஜாத்தின் தங்கைக்குக் கல்யாணம். இந்த விமானத்தை விட்டால் வேறு வழியில்லை. ரயிலில் போனால் பாத்திரம் கழுவத்தான் போய்ச் சேருவோம்.

"இன்னிக்கு அந்த ரிஃபத்தை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்" என்றேன்.

"பண்ணுங்க. பண்ணிட்டு ரெண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பிடலாம்" என்றாள் நஜாத். "சத்தம் போட்டா ஒரு வருஷத்துக்குச் சலுகை கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நியாயம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"இருக்கு. அது எந்த பிளேன்ல போகுதாம்?"

அதற்குள் ரிஃபத் சார் அறிவித்தார். ஒரே ஒரு இடம் காலி. நான் டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். அவர் கூப்பிட்டது, "மேடம் சௌசன்!"

கையில் இரண்டு காலிக் கூடைகளோடு ஒரு அம்மாள் எழுந்து போனாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"சார், இவங்க எந்த டிபார்ட்மெண்ட்?"

"என் தங்கச்சி."

"தங்கச்சி எப்பலேர்ந்து சார் டிபார்ட்மெண்ட் ஆச்சு? எனக்கு இருபத்தொரு வருஷ சர்வீஸ்! உங்க தங்கச்சி இதுவரைக்கும் எத்தனை போல்ட் முடுக்கியிருக்காங்க?"

"வஜ்தி, குரலைத் தாழ்த்து. பாஸைக் கேன்சல் பண்ணிடுவேன்."

"பண்ணுங்க பாக்கலாம்! அக்கிரமத்துக்கு ஒரு அளவு வேணாமா?"

விமான நிலையமே திரும்பிப் பார்த்தது. நஜாத் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, மூச்சு வாங்குது பாருங்க. போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

"எனக்கு டீ வேணாம், நியாயம் வேணும்!"

"கேண்டீன்ல டீதான் இருக்கும். அதைக் குடிங்க முதல்ல."

போனேன். டைரக்டரிடம் புகார் சொல்லப் போகும் வசனத்தை டீக்கடைக்காரனிடமே ஒத்திகை பார்த்தேன். அவன் பாவம், கண் கலங்கிவிட்டான். திரும்பி வந்தால் நஜாத் ஒரு கையில் போர்டிங் கார்டும் இன்னொரு கையில் அந்த அம்மாளின் கூடைகளுமாக விமானத்துக்குப் போகும் வாசலில் நிற்கிறாள்.

"என்னடி இது?"

"அந்தம்மா டீ போடற காஞ்ச செம்பருத்திப் பூ வாங்கத்தான் அஸ்வானுக்குக் கிளம்பினாங்களாம். எங்க சித்தப்பா கடையில நல்ல பூவா நானே வாங்கியாறேன்னேன். சீட்டை எனக்குக் குடுத்துட்டாங்க."

"அது என் சீட்டு! என் சர்வீஸ்! அதைக் குடுக்க அவங்க யாரு? வாங்கிக்க நீ யாரு?"

"நான் கல்யாணப் பொண்ணோட அக்கா."

"சட்டப்படி ஊழியர்தான் முதல்ல ஏறணும்."

"ஏறுங்களேன். போய் என் தங்கச்சிக்கு மருதாணி வெச்சு, தலை வாரி, கல்யாண கவுனையும் மாட்டி விடுங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

நான் டையைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் திணித்தேன்.

"ஒரு சீட்டுதானே இருக்கு, என்ன பண்றது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சௌசன் அம்மாவைக் கார்ல வீட்டுல இறக்கி விட்டுடுங்க. நீங்க கொண்டு விடுவீங்கன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள்.

என் சீட்டைப் பிடுங்கியவளை என் காரில், என் பெட்ரோலில், மேம்பாலத்து நெரிசலில் அரை மணி நேரமாக ஊர்ந்து ஊர்ந்து கொண்டு போகிறேன். இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன கேவலம் வேண்டும்? ஹாரனை ஓங்கிக் குத்தினேன்.

"உங்க அண்ணன் பண்ணினது பச்சை அக்கிரமம்ங்க!"

"கோவிச்சுக்காதீங்க தம்பி. நீங்க போட்ட சத்தத்துல அண்ணன் நடுங்கிட்டாரு. கடைசி நேரத்துல யாரோ ஒரு பயணி வராம இன்னொரு சீட்டும் காலியானதும், 'வஜ்தியையும் கூப்பிடுங்க, சேர்த்தே ஏத்திடறேன்'னாரு."

"என்னது! அப்புறம்?"

"உங்க வீட்டம்மாதான், 'வேணாம் சார், அவரு வந்தா கல்யாணப் பந்தியிலயும் சர்வீஸ் கேட்டுச் சண்டை போடுவாரு'ன்னுட்டாங்க."