மரத்தடி மாறிய கோச்

பத்து வருஷத்தில் எட்டு டீமுக்கு ஃபுட்பால் ஆடியவன் நான். அடையாறு, வடபழனி, கோபாலபுரம், திருவான்மியூர் என்று வரிசையாகச் சொன்னால் பஸ் போர்டு மாதிரி இருக்கும். நான் ஃபார்வர்டு, அதாவது கோல் போடுவதுதான் வேலை. (போட்டிருந்தால் எட்டு டீம் எதற்கு?)

முட்டி தேய்ந்ததும் மயிலாப்பூர் டீம் ஒன்றுக்குக் கோச் ஆனேன். டீமை நடத்தியவர் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி. நான் சேர்ந்த பத்தாம் நாள் சீசனின் கடைசி மேட்ச். "டிரா பண்ணினாப் போதும் வே, இந்த டிவிஷன்லயே இருந்துக்கிடலாம். கீழ எறங்கினோம்னா நீரு வேற எடம் பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டார்.

எதிரணி திருவான்மியூர், நான் மூன்று வருஷம் ஆடிய பழைய டீம். எங்களுக்கு மஞ்சள் பனியன், அவர்களுக்கு நீலம். என் மனைவி கல்பனா முதல்முறையாக மேட்ச் பார்க்க வந்திருந்தாள். இந்த வேலையிலாவது நிலைத்து நிற்பேன் என்று அவளுக்குக் காட்டியே ஆகவேண்டும்.

ஹாஃப் டைம் வரை யாரும் கோல் போடவில்லை. அந்த கிரவுண்டில் ரூம் எல்லாம் கிடையாது, டீமுக்கு ஒரு மரத்தடி. வெயில் தாங்காமல் பசங்க எல்லோரும் பனியனைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் புதுசாக வாங்கிய படிக்கிற கண்ணாடியை (போட்டால் எதிரில் இருப்பவன் முகம் மங்கல்) மாட்டிக்கொண்டு, குறிப்பெழுதிய காகிதத்தைப் பார்த்தபடியே நடந்தேன். கால் தானாகத் தூங்குமூஞ்சி மரத்தடிக்குப் போய் நின்றது.

"நல்லா கேட்டுக்கோங்க. நம்ம டிஃபென்ஸ்ல ஆடற டில்லிக்கு முட்டி வலி. லெஃப்ட்ல அவனை மட்டும் தனியா விட்டுட்டா ஓட்டையாயிடும்."

"எந்த முட்டி கோச்?" என்றான் ஒருவன்.

"இடது முட்டி." (டில்லிக்கே மறந்துபோச்சு போல என்று நினைத்தேன். அறிவாளி!)

"அப்புறம் நம்ம கோல்கீப்பர். உயரமா பந்து வந்தா பதறிப்போய் முன்னாடி ஓடிவந்துடறான். பின்னாடி எவனாவது நின்னா கதை முடிஞ்சுது."

என் வாழ்நாளில் யாரும் என் பேச்சை அவ்வளவு அமைதியாகக் கேட்டதில்லை. ஒருவன் குளுக்கோஸ் தண்ணீர்கூடக் கொடுத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விசில் அடித்தது. பசங்க எழுந்து பனியனை மாட்டினார்கள்.

நீலம்.

திருவான்மியூருக்கு ஆடிய மூன்று வருஷமும் நான் உட்கார்ந்த மரத்தடி அது. மரத்துக்குப் பின்னால் அவர்கள் கோச் பாஸ்கர், என்னோடு ஆடிய பழைய கூட்டாளி, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தான். நான் எதிர்ப்பக்கம் ஓடினேன். நிஜ டில்லி அங்கே முறைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னா கோச்சு! எங்க மேல காண்டுல வரலன்னு நெனச்சுக்கினு குந்திக்கினு இருந்தோம். அங்க இன்னாத்துக்குப் போன?"

பதில் சொல்வதற்குள் ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. முதல் கோல் டில்லி பக்கமாக வந்தது, இரண்டாவது கோல் எங்கள் கோல்கீப்பர் தலைக்கு மேலே. நான் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் செய்தார்கள், பாவிகள். நாங்கள் கீழ் டிவிஷனுக்கு இறங்கினோம்.

அண்ணாச்சி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்லாத்தான் சொல்லிக் குடுக்கீரு வே. நமக்குச் சொல்லலைங்கதுதான் கொற." அதோடு என் வேலை போனது. பத்து நாளில் வேலையை இழந்ததைவிட, கல்பனா எதிரில் இழந்ததுதான் வலித்தது. வீடு வரைக்கும் அவள் பேசவில்லை. சிரிப்பை அடக்குகிறாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் பாஸ்கர் போன் செய்தான். "மச்சி, எனக்கு வெளியூர்ல வேலை கெடச்சிருக்கு. பசங்க உன்னைத்தான் கோச்சா கேக்கறாங்க. இவ்ளோ தெளிவா யாருமே சொல்லித் தரலையாம்."

வெட்கத்தை விட்டுப் போனேன். நாலு வருஷமாக அங்கேதான் இருக்கிறேன். நான் இவ்வளவு நாள் நிலைத்த டீம் வேறு இல்லை.

போன மாதம் வடபழனியில் என் மச்சினிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வெகுளியான பையன். பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க பொண்ணுக்குக் கோபம் வந்தா வாயே தொறக்காதீங்க தம்பி, ஒரு மணி நேரத்துல தானா எறங்கிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஹால் முழுக்கக் கேட்கும்படி கல்பனா தன் தங்கையைக் கூப்பிட்டாள்.

"அடியே, ஓடி வா! உங்க மாமா மறுபடியும் அந்த மரத்தடிக்கே போயிட்டாரு!"