ஹனிமூனுக்கு நான் சொன்ன விளக்கம்

தெரிந்ததைச் சொல்லாமல் விழுங்குவது எனக்கு வராது. அந்தக் குணத்தால்தான் என் ஹனிமூனை நானே கெடுத்துக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்து, மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டில் மறுவீட்டு விருந்து. மறுநாள் காலை நானும் என் கணவர் நாகராஜும் கோகர்ணா போவதாக ஏற்பாடு. அதுவரை நான் கடலைப் பார்த்ததே கிடையாது. நீச்சல் தெரியாது, ஆனால் தொப்பி வாங்கி வைத்திருந்தேன்.

இலையில் உட்கார்ந்ததிலிருந்து நாகராஜின் சித்தப்பா ஒரே பல்லவி. (ஹனூர்க்காரர். கேலி செய்வதற்கென்றே வேன் ஏறி வந்தவர்.)

“ஹனிமூனு! தேனு, நிலா... இங்கிலீசுக்காரன் எப்படி ரசிச்சுப் பேரு வெச்சிருக்கான் பாத்தியா கண்ணு?”

நாலைந்து தடவை பொறுத்தேன். அப்புறம் எரிச்சல் வந்துவிட்டது.

“ரசிச்செல்லாம் வெக்கல மாமா, கிண்டலா வெச்சது. புதுசாக் கட்டிக்கிட்டவங்க ஆசை முழு நிலா மாதிரி இருக்குமாம். அப்புறம் நாளுக்கு நாள் தேயுமாம். அதான் அந்தப் பேரு. படிச்சிருக்கேன்.”

நாகராஜ் என் காலை மிதித்து, “சும்னிரு” என்று கன்னடத்தில் அடக்கினார். அதற்குள் பாயசம் எடுத்த மாமியாரின் கை பாதியில் நின்றுவிட்டது.

“தேயுதா? ஏனுங்க சம்பந்தி, இன்னிக்கு என்ன பிறை?”

என் அப்பாவுக்குப் பொய் வராது. (என் குணம் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா?) “நேத்துப் பௌர்ணமிங்க. இன்னிலேர்ந்து தேய்பிறை” என்றார்.

“பேருலயும் தேயுது, வானத்துலயும் தேயுது! என்ற பையன் போவ மாட்டான்.”

“அது அந்தச் சொல்லோட கதை அத்தை. எங்க கதை இல்ல.”

“உன்னைய யாரு கண்ணு கதை கேட்டா?”

யாரும் கேட்கவில்லைதான்.

மறுநாள் காலை, சொன்ன வாய்க்குப் பரிகாரமாக, மொத்தக் குடும்பமும் ஒரே வேனில் மாதேஸ்வரன் மலைக்குப் போனோம். வளைவுக்கு வளைவு சித்தப்பா வாந்தி எடுத்தார். பையைப் பிடித்தது புதுப்பெண்.

கடலை அடுத்த வருஷம்தான் பார்த்தேன். வளர்பிறையாகப் பார்த்து மாமியாரே நாள் குறித்தார். கூடவே அவரும் வந்தார்.

நான் சொன்ன விளக்கத்தில் தப்பு கிடையாது. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் சொல்ல விடுவதில்லை. அந்தக் குடும்பத்தில் எந்தப் புது ஜோடி ஊர் சுற்றக் கிளம்பினாலும், மாமியார் முதலில் என்னைத் தேடி வந்து வாயில் ஓர் ஒப்பிட்டைத் (போளிதான்) திணித்துவிடுவார். போன மாதம் கொழுந்தனார் தன் பெண்டாட்டியோடு கோவா கிளம்பியபோதும் அதேதான்.

“பஸ்ஸு போற வரைக்கும் மென்னுட்டே இரு.”

சுற்றி நின்ற சொந்தமெல்லாம் சிரித்தது. பஸ் வரத் தாமதமாகிவிட்டது. மூன்று ஒப்பிட்டு தின்றேன்.