வியாழனின் நிலாவில் எங்கள் ஒன்றியத்துத் தெருவிளக்குகள்

வேறொரு கிரகத்தைச் சுற்றும் நிலாவில் தெருவிளக்கு போட்ட அரசு அலுவலகம் உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு. அது தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காக்காரன் நம்ம நிலாவுக்குப் போய் ஒரு கொடியை நட்டுவிட்டு வந்து ஐம்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறான். நாங்கள் வியாழனின் நிலாவிலேயே பதினான்கு சூரியசக்தி விளக்குகள் போட்டோம். அதுவும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல். ஒன்றியத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். விளம்பரம் எங்களுக்குப் பிடிக்காது. விசாரணை அதைவிடப் பிடிக்காது.

என் பெயர் ஆக்சிலியா. அந்த அலுவலகத்தில் கணினி இயக்குகிறேன். ஒப்பந்த ஊழியர் என்பதால் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை என் வேலை செத்துப் பிழைக்கும். வரலாற்றுச் சிறப்புமிக்க அந்தப் படத்தை ஏற்றியது என் கைதான் என்பதால், நடந்ததை முறைப்படி சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

சித்தேரி மலைப்பக்கம் ஈச்சங்கரடு என்று நாற்பத்தொரு வீடுள்ள ஊர். பஸ் கீழே வளைவோடு நின்றுவிடும். அங்கிருந்து காட்டுப் பாதையில் இரண்டு கிலோமீட்டர் ஏற வேண்டும். அந்தப் பாதைக்குத்தான் பதினான்கு விளக்குகள் வந்தன. பாவம், விளக்குகள் அவ்வளவு தூரம் எப்படி மலையேறும் என்று ஒப்பந்தக்காரர் நஞ்சப்பன் மனமிரங்கினார். அடிவாரத்தில் இருந்த தன் மாந்தோப்பில் அவற்றைத் 'தற்காலிகமாக' நட்டுவைத்தார். தோப்பு இப்போது ஜெகஜ்ஜோதியாக இருக்கிறது.

வேலை முடிந்ததற்குச் சாட்சியாக, இரவில் எடுத்த படத்தை அரசின் கைபேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். பதினான்கு விளக்கும் எரிவது தெரிய வேண்டும். பொறியாளர் பூவரசன் சார் முதலில் ஒரு பகல் படத்தைக் கொடுத்தார். செயலி திருப்பியடித்தது. அதையே கறுப்பாக்கி ஏற்றச் சொன்னார். 'விளக்குகள் காணப்படவில்லை' என்றது. செயலி அலுவலகத்துக்குப் புதிது, போகப் போகப் பழகிக்கொள்ளும் என்று சார் ஆறுதல் சொன்னார்.

"தோப்புல எரியறதையே எடுத்துப் போட்டுடலாங்களே சார்?" என்றேன்.

"அறிவிருக்குதா உனக்கு? படத்துல மாமரம் தெரியும்மா!"

அன்று காலையில்தான் அலுவலக வாட்ஸ்அப் குழுவில், குட்மார்னிங் ரோஜாவுக்கும் மூட்டுவலிக் கஷாயத்துக்கும் நடுவில், அந்தப் படம் வந்து விழுந்தது. விண்கலம் ஒன்று வியாழனின் நிலாவை வெயில் படாத பக்கமாகப் பிடித்து அனுப்பியிருந்தது. கும்மிருட்டு. அதில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். 'எரிமலையா? கேமரா கோளாறா? விஞ்ஞானிகள் திணறல்! பத்துப் பேருக்கு அனுப்பவும்!' என்று கீழே எழுதியிருந்தது.

பூவரசன் சார் படத்தைப் பெரிதாக்கி விரலால் எண்ணினார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"ஆக்சிலியா, பதினேழு இருக்குதும்மா."

"நமக்குப் பதினாலுதானுங்களே?"

"மூணை வெட்டிடு. கூடக் காட்டினா தணிக்கையில கேப்பாங்க. நாம நேர்மையா இருந்துக்கணும்."

வெட்டினேன். ஏற்றினேன். நாலே நொடியில் 'தெளிவான படம், நன்றி' என்றது செயலி. அடுத்த மாதமே 'ஒளிமிகு ஒன்றியம்' என்று எங்கள் வட்டார வளர்ச்சி அலுவலர் முனிராஜ் அய்யாவுக்குச் சான்றிதழும் சால்வையும் கிடைத்தன. சால்வை போர்த்திய படத்தை மட்டும் நேரில் எடுத்தோம்.

நல்லது நடந்தால் யாருக்குப் பொறுக்கும்? ஒரு திங்கட்கிழமை ஈச்சங்கரட்டிலிருந்து தீர்த்தம்மாள் என்ற பெண்மணி மனுவோடு வந்து நின்றார். கூடவே பதினொன்றாவது படிக்கும் மகள் கவிப்பிரியா, பள்ளிக்கூட உடுப்பில்.

"எங்கூருப் பாதைக்கு லைட்டு வேணுங்க அய்யா," என்றார் தீர்த்தம்மாள்.

அய்யா சிரித்தார். "அதான் எரியுதேம்மா. அம்மாவுக்குக் காட்டுங்க பூவரசன்."

திரையில் படத்தைக் காட்டினார்கள். தீர்த்தம்மாள் தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"இது எங்கூரு இல்லீங்களே."

"ராத்திரியில எல்லா ஊரும் இப்படித்தாம்மா இருக்கும்," என்றார் பூவரசன் சார்.

"எங்கூர்ல ராத்திரி எதுவுமே தெரியாதுங்க. அதுக்குத்தானுங்க வந்தேன்."

"எரியற விளக்குக்கு மேல இன்னொரு விளக்கு போட விதியில இடம் கிடையாதும்மா," என்றார் அய்யா, வருத்தத்தோடு.

தீர்த்தம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். "அப்படிச் சொல்லாதீங்க சாமி. புள்ள ஆறே முக்கால் பஸ்ஸுல வந்து எறங்குது. ரெண்டு தபா கரடி குறுக்க வந்துருச்சுங்க. நான் பந்தத்தைப் பிடிச்சிட்டுப் போயி தெனமும் கூட்டியாறேன். எனக்கே உசுரு கையில இல்லீங்க. 'இந்த மாசத்துக்குள்ள லைட்டு வரலைன்னா படிச்சது போதும், திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கு ஏத்தி வுட்டுடுவேன்'னு இவங்கப்பன் ஒத்தக்கால்ல நிக்கறாருங்க. நல்லாப் படிக்கற புள்ளைங்க!"

அதுவரை திரையையே பார்த்துக்கொண்டிருந்த கவிப்பிரியா வாயைத் திறந்தாள்.

"சார், இது வியாழனோட நிலா."

அவள் திரைக்குப் பக்கத்தில் போய் விரலால் எண்ணினாள்.

"எங்க சயின்ஸ் மிஸ் போன வாரம் காட்டினாங்க சார். ஆனா அதுல பதினேழு லைட்டு இருந்துச்சு. இதுல மூணு காணோம்."

பூவரசன் சாருக்கு விக்கல் எடுத்தது. அய்யா தண்ணீரை எடுத்து அவருக்குக் கொடுக்காமல் தானே குடித்தார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்கக்கா. இது எங்கூரா?"

என் ஒப்பந்தம் முடிய ஒன்பது நாள் இருந்தது. "சிஸ்டத்துல அப்படித்தாம்மா இருக்குது," என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைப் பதிய எங்கள் அலுவலகத்தில் பதிவேடு இல்லாததால், அது பதியப்படவில்லை.

மறுநாள் அவசரக் கூட்டம். டீ, மசால்வடை. அய்யா தலைமை, பூவரசன் சார் முன்னிலை, நஞ்சப்பன் சிறப்பு அழைப்பாளர், குறிப்பெடுக்க நான்.

"அந்தப் படத்தை மாத்திட்டா என்ன?" என்றார் அய்யா.

"செயலி ஒருக்கா ஏத்துக்கிட்டா மாத்த முடியாதுங்கய்யா," என்றேன். "தோப்புல இருக்கற கம்பத்தைக் கழட்டி மேல நட்டுட்டா ரெண்டு நாள்ல எல்லாம் சரியாயிடுங்க."

கெட்ட வார்த்தை பேசியவளைப் பார்ப்பதுபோல் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"மா இப்பத்தான் பூ வுட்டிருக்குதும்மா," என்றார் நஞ்சப்பன், குழந்தைக்குச் சொல்வதுபோல். "கம்பத்தைப் பிடுங்கினா வேர் அதிராதா? பூவெல்லாம் கொட்டிப் போயிடும். பாவமில்லையா?"

பாவம்தான் என்று குறித்துக்கொண்டேன். அப்போதுதான் பூவரசன் சார் வடையைக் கீழே வைத்தார். விஞ்ஞானம் முன்னேறும் தருணங்கள் அப்படித்தான் வரும்.

"அய்யா, அந்த வெளிச்சம் என்னன்னு விஞ்ஞானிங்களுக்கே தெரியலைன்னுதானே போட்டிருக்குது? என்னன்னே தெரியாதவங்க, நம்ம விளக்கு இல்லைன்னு மட்டும் எப்படிங்க சொல்ல முடியும்?"

"அட!" என்றார் அய்யா. சால்வை கையில் இருந்திருந்தால் அவருக்குப் போர்த்தியிருப்பார்.

தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின. ஒன்று: மேற்படி படத்தில் காணும் விளக்குகள் மேற்படி ஊரின் விளக்குகளே. இரண்டு: இவ்வலுவலகத்தின் படத்தை அனுமதியின்றிப் பயன்படுத்திய அயல்நாட்டு விண்வெளி நிறுவனத்தை இக்கூட்டம் வன்மையாகக் கண்டிக்கிறது. மூன்று: மனுதாரரின் மகள் அறிவியல் பயில்வதால் குழப்பமடைந்துள்ளார்; மனு முடித்துவைக்கப்பட்டது. நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம். வடை தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்தது.

எனக்குப் பதினோரு மாதம் நீட்டிப்பு வந்தது. கவிப்பிரியாவின் அப்பா வைத்த ஒரு மாதக் கெடுவும் முடிந்தது.

பக்கத்துக் கல்வி அலுவலகத்தில் ஆளில்லை என்று, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் பட்டியலை என் தலையில் கட்டினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் நின்ற காரணத்தைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஏழாவது பெயர் கவிப்பிரியா. தீர்த்தம்மாளுக்குப் போன் போட்டேன்.

"வெள்ளிக்கிழமை அவங்கப்பன் திருப்பூர் பஸ் ஏத்தி வுட்டுட்டாருங்க," என்றார். "புஸ்தகத்தைப் பையில வச்சா எடுத்து வெளிய போட்டாரு. சன்னல் வழியா என்னைப் பாத்துட்டே போச்சுங்க. வூட்டுக்குள்ளயே போவப் பிடிக்கல எனக்கு." பிறகு அவர் அழுவது மட்டும் கேட்டது.

போனை வைத்துவிட்டு, காரணம் என்ற இடத்தில் 'இருட்டு' என்று அடித்தேன். அந்த அலுவலகத்தில் நான் அடித்த முதல் உண்மை. கணினி ஏற்கவில்லை. 'இவ்வூரில் 14 விளக்குகள் எரிகின்றன. சரியான காரணத்தைத் தேர்வு செய்க' என்றது. கீழே மூன்று காரணங்களைக் காட்டியது: உடல்நலக் குறைவு, குடும்பம் இடம்பெயர்வு, படிப்பில் ஆர்வமின்மை.

பூவரசன் சார் எட்டிப் பார்த்தார். "மூணாவதைப் போடும்மா. மலைப் புள்ளைங்களுக்கு எப்பவும் அதான் போடறது."

போட்டேன். வியாழனின் நிலாவை ஒரே பார்வையில் அடையாளம் சொன்ன பிள்ளைக்குப் படிப்பில் ஆர்வமில்லை என்று என் கையால் போட்டேன்.

விஞ்ஞானிகளே, அந்த வெளிச்சம் எதனால் வருகிறது என்று நீங்கள் நிதானமாகத் தேடுங்கள், அவசரமில்லை. ஈச்சங்கரட்டு இருட்டு யாரால் வந்தது என்று தேடிக் கஷ்டப்பட வேண்டாம். அதில் மர்மம் ஏதும் இல்லை. கூட்டக் குறிப்பில் நாலு கையெழுத்து இருக்கிறது. நாலாவது என்னுடையது.