ஈரத்தோடு மடக்கக் கூடாது

ஷௌகத் அலி சபதம் எடுத்துவிட்டார். பெண்டாட்டி மெஹருன்னிசா வாய் திறந்து "இறங்கி வாங்க" என்று கூப்பிடும்வரை ஜீப் உச்சியை விட்டு இறங்குவதில்லை. அவர் நடத்துகிற சுக்குக் கடைக்கும் கக்கூஸுக்கும் மட்டும் விலக்கு.

விஷயம் இதுதான். பிள்ளைகள் துபாய்க்குப் போனபிறகு வீட்டில் பேச்சே செத்துப்போச்சு. அதற்கு மருந்தாக, ஜீப் கூரைமேல் விரித்துப் படுக்கிற டென்ட் ஒன்றை வாங்கிப் பூட்டினார். டிசம்பர் குளிரில் ரெண்டு பேரும் வட்டவடை மலைக்குப் போகலாம் என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டார்.

"அந்தப் பொட்டிக்குள்ள உங்க குறட்டையோட நான் படுக்கணுமா?" என்றாள் மெஹருன்னிசா.

ரோஷம் வந்துவிட்டது. மட்டாஞ்சேரி வீட்டு முற்றத்திலேயே டென்டை விரித்து ஏணியில் ஏறிவிட்டார்.

கொசுவுக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் இழுத்து ஜிப் போட்டார். விடிந்தால், அவர் விட்ட மூச்செல்லாம் தண்ணீராகி அவர் மூக்கிலேயே சொட்டியது. வெளியே பனி. மெத்தை சொதசொத.

கீழே மெஹருன்னிசா புறப்பட்டு நின்றாள். "ஏங்க, கும்பளங்கியில என் தங்கச்சி அன்ஸியா வீட்ல விருந்து. வண்டிய எடுங்க."

"டென்ட் ஈரம். ஈரத்தோட மடக்கினா பூஞ்சை பிடிச்சுரும்."

"காயுற வரைக்கும்?"

"நின்ன இடத்துலயே நிக்கணும்."

உச்சி வெயிலுக்குள் காய்ந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். சொல்லவில்லை. அவள் பஸ்ஸில் போனாள்.

அதற்கப்புறம் அவர் இருமினால் கீழே டிவி சத்தம் கூடும். சோறு வாளியில் ஏறியது, வெறும் தட்டு வாளியில் இறங்கியது. நடுவில் ஒரு சொல் கிடையாது. சமையலறையில் அவள் தனியாகச் சாயா குடிப்பது மேலிருந்து தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே அவரும் தனியாகக் குடித்தார். பத்தடி தூரம்தான். துபாய் இதைவிடப் பக்கம்.

வெள்ளிக்கிழமை காலையில் ஏணி ஆடியது.

"ஏங்க, இறங்கி வாங்க."

அவர் ஜிப்பை இழுத்துத் தலையை நீட்டினார். "எதுக்கு?"

"வட்டவடைக்கு."

குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு இறங்கினார். டென்டைக் காயவைத்தார், துடைத்தார், மடக்கிப் பெல்ட் கட்டினார். படுக்கும்போது ஜன்னலை லேசாத் திறந்து வைக்கணும் என்று பாடமும் எடுத்தார்.

"ரெண்டு பேர்தானே படுக்கலாம்?" என்று கேட்டாள்.

"ரெண்டே பேர்," என்று வெட்கப்பட்டார்.

"அப்ப நானும் அன்ஸியாவும் சரியா இருக்கும். அவதான் ஓட்டுறா."

கேட்டருகே அன்ஸியா கையாட்டினாள். "மச்சான், குல்லாயக் கழட்டுங்க. தலை வெந்துரும்."

ஜீப் நின்ற இடத்தில் ஆயில் கறை மட்டும் மிச்சம். உள்ளே போய்ப் பழக்கதோஷத்தில் ரெண்டு சாயா போட்டார். ரெண்டையும் அவரே குடித்தார். கட்டில் மைதானம் மாதிரிக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"ஏங்க, இங்க நல்ல பனி. உங்க ஸ்வெட்டரப் போட்டிருக்கேன்."

"எப்ப வர்ற, மெஹரு?"

"எப்படி வர்றது? டென்ட் ஈரமா இருக்கே. நின்ன இடத்துலயே நிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

"உச்சி வெயிலுக்குள்ள காஞ்சுருமே," என்றார் அவசரமாக.



"அப்படியா? அப்ப அந்த விருந்தன்னைக்கும் காஞ்சிருக்குமா?"

ஷௌகத் அலி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இல்ல மெஹரு. காயவே காயாது. நீ சாவகாசமா வா."