பெண் பார்க்கப் போன இடத்தில் எடுத்த களை

தேயிலை விலை விழுந்தபோது முதலில் அடிபட்டவர்கள் தோட்ட முதலாளிகள் என்று பேப்பரில் எழுதினார்கள். தப்பு. முதலில் அடிபட்டவர்கள் என்னைப் போன்ற கல்யாணமாகாத சூப்பர்வைசர்கள். விலை நன்றாக இருந்த காலத்தில் எஸ்டேட் மாப்பிள்ளை என்றால் கோயமுத்தூர்ப் பக்கத்துப் பெண் வீட்டில் காப்பியோடு இரண்டு வகைப் பலகாரம் வைப்பார்கள். விலை விழுந்த பிறகு பலகாரம் நின்று காப்பி மட்டும் வந்தது. அப்புறம் எங்கள் தரகர் என்னைத் தூரத்தில் பார்த்தாலே ரோட்டின் அந்தப் பக்கம் போக ஆரம்பித்தார்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கீழ் கோத்தகிரியில் ஓர் எஸ்டேட்டில் களை எடுப்புக்கும், செடியை வெட்டிவிடும் கவாத்துக்கும் மேற்பார்வை. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை கொடுத்தார்கள். அதிலும் களை எடுக்க ஆள் போட முடியாது என்று நிர்வாகம் கையை விரித்துவிட்டதால், தேயிலைக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாமல் மலை முழுவதும் மண்டிப்போய்க் கிடந்தது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே நடந்து போய் நடந்து வருவேன். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது. (களை எடுப்பில் என்னை அடிக்க நீலகிரியில் ஆளில்லை என்ற நினைப்பு வேறு. அந்த நினைப்புக்குச் சாட்சி நான் ஒருவன்தான்.)

மூன்று இடம் தட்டிப்போய், நாலாவதாக வந்தது வளர்மதி. அவளுடைய அப்பா அவலாஞ்சிப் பக்கம் ஒரு சோலைக்காட்டில் வனக்காப்பாளர். எல்லோரும் அவரை கார்டு ஐயா என்பார்கள். அருவி பார்க்க ஆட்கள் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரால் நகர முடியாது. அதனால், "நீங்களே இங்க வந்துருங்க. பொண்ணையும் பாத்த மாதிரி ஆச்சு, அருவியையும் பாத்த மாதிரி ஆச்சு" என்று சொல்லி அனுப்பினார்.

"இதுவும் போச்சுன்னா நீ திருப்பூர் பனியன் கம்பெனிக்குத்தான் போகோணும் சாமி. அங்க போயாச்சும் ஒருத்தியப் புடிச்சுக்கோ" என்றாள் அம்மா. மலையை விட்டு இறங்குவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆகவே இந்தத் தடவை எப்படியாவது பெண்ணின் அப்பாவை அசத்திவிடுவது என்று முடிவு செய்தேன். அக்கா வீட்டுக்காரரின் ஷூவை இரவல் வாங்கினேன். அது எனக்கு ஒரு சைஸ் சின்னது. கௌரவத்துக்கு முன்னால் கால்விரல் எம்மாத்திரம்?

நானும் அம்மாவும் மூன்று பஸ் மாறி, கடைசியில் எமரால்டு என்ற ஊரிலிருந்து ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். கார்டு ஐயாவின் குவார்ட்டர்ஸில் சமையலறைக் கதவோரம் ஒரு பச்சைச் சேலை தெரிந்து மறைந்தது. அவ்வளவுதான் பெண் பார்த்தது.

"சோறு ஆக இன்னும் நேரமாகுமுங்க. அதுக்குள்ள அருவி வரைக்கும் போயிட்டு வந்துறலாம்" என்று கார்டு ஐயா எங்களைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்தார். உள்ளே நுழைந்ததும் பகல் பாதியாகிவிட்டது. குட்டையான, முறுக்கிக்கொண்டு நிற்கும் மரங்கள். கிளை தெரியாமல் பாசி. அருவிச் சத்தம் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா தன்னையறியாமல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இந்த மரத்துக்கெல்லாம் வயசு என்னன்னு யாருக்கும் தெரியாதுங்க" என்றார் கார்டு ஐயா. பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளைக்குக் காடு பழக்கமுங்களா?"

"மலையிலயே பொறந்து வளந்தவனுங்க. எனக்குத் தெரியாத செடி இந்த நீலகிரியிலயே இல்லீங்க."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கொத்தமல்லி வாங்கப் போய்ப் புதினாவோடு திரும்பி வருபவன் நான் என்பது அவளுக்குத் தெரியும்.

அருவிக்கு இறங்கும் வளைவு வந்தபோது என் கால்விரல்கள் பத்தும் ஒன்றாகச் சேர்ந்து கெஞ்சின. "நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே உக்காந்து காட்டைக் கொஞ்சம் ரசிக்கிறேன்" என்றேன். அவர்கள் இறங்கிப் போனதும் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு, பேண்ட் அழுக்காகாமல் உட்கார இடம் தேடினேன். பாதையோரம் ஒரு தகரப் பலகை குப்புறக் கிடந்தது. வசதியாக அதன்மேல் உட்கார்ந்தேன்.

எதிரே, மரங்கள் இல்லாத ஒரு திட்டு. சுற்றியிருந்த கம்பி வேலி காட்டெருமை மிதித்துச் சாய்ந்து கிடந்தது. உள்ளே புல்லும் பூண்டுமாக, நடுநடுவே முழங்கால் உயரத்தில் கண்ட கண்ட செடிகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், ஒழுங்கில்லாமல் நின்றன. எனக்குக் கை பரபரத்தது. எஸ்டேட்டில்தான் எடுக்க விடவில்லை, இங்கே கேட்க யார் இருக்கிறார்கள்? கார்டு ஐயா திரும்பி வந்து பார்த்ததும், 'அடடா, சும்மா உக்கார மாட்டேங்கறாரே, இவருக்கல்லவா பொண்ணு கொடுக்கணும்' என்று அந்த இடத்திலேயே தட்டை மாற்றிவிடுவார் என்று தோன்றியது.

இறங்கினேன். ஒன்றை இழுத்தேன், வேரோடு வந்தது. ஈர மண், பிடித்த பிடிக்கு வந்தது. அந்த அரை மணி நேரத்தை இப்போது நினைத்தாலும் கை இனிக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். எஸ்டேட்டில் கற்றுக்கொண்டபடி, பிடுங்கியதையெல்லாம் வேர் மேலே பார்க்க ஓரமாகக் குவித்தேன். மேஸ்திரிப் பழக்கம், எண்ணிக்கொண்டே பிடுங்கினேன். நூற்றுப் பன்னிரண்டு. இறகு மாதிரி இலையோடு அழகாக நின்ற நாலைந்து செடிகள் சீகை மரக் கன்று என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. எங்கள் எஸ்டேட்டில் அது விறகுக்கு ஆகும். பாவம், நல்ல செடி என்று அவற்றை மட்டும் விட்டு வைத்து, சாயாமல் இருக்க ஆளுக்கொரு குச்சியும் நட்டுக் கொடுத்தேன்.

அப்போதுதான் பச்சைச் சேலை வந்தது. ஒரு கையில் குடை, ஒரு கையில் டீ பிளாஸ்க். அப்பா சொல்லிவிட்டுப் போனாரா, அவளாகவே வந்தாளா என்பது இன்றுவரை எங்கள் வீட்டில் தீராத வழக்கு.

"என்னங்க பண்ணியிருக்கீங்க?"

"சும்மா உக்காந்திருக்க முடியலீங்க. ஒரே களையா நின்னுச்சு, எடுத்துட்டேன். மொத்தம் நூத்திப் பன்னெண்டு." தோளில் ஒரு துண்டு இல்லாததுதான் குறை என்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தினேன்.

அவள் பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். குவியலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒன்றை எடுத்தாள். "இது மலை நாவலுங்க." இன்னொன்றை எடுத்தாள். "இது காட்டுச் செண்பகம். இதுக்கு வெதை பொறுக்க ஒரு மழைக்காலம் பூரா நானும் அப்பாவும் காட்டுக்குள்ள அலைஞ்சோம். நாத்தாங்கால்ல மொளைக்க வெச்சு, தொட்டியில ஒரு வருசம் வளத்து, போன வருசந்தான் இங்க நட்டோம்." அப்புறம் குவியலையே பார்த்தாள். "வேரை எதுக்கு மேல பாத்து வெச்சிருக்கீங்க?"

"அப்பத்தான் திரும்பப் பொழைக்காதுங்க" என்றேன். பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

நான் உட்கார்ந்திருந்த தகரப் பலகையை அவள் எழுந்து போய்ப் புரட்டினாள். பச்சைப் பெயிண்டில் பெரிய எழுத்து: 'சோலை மரக் கன்றுகள். தயவுசெய்து தொடாதீர்கள்.'

அவள் கண் நிறைந்துவிட்டது. அந்த நிமிஷம் வரை எனக்கு என் கல்யாணம்தான் கவலை. அதற்கப்புறம் அது ஞாபகமே இல்லை. காலடியில் அவளுடைய மூன்று வருஷம் வேர் காட்டிக்கொண்டு கிடந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டாள்.

"அழுவறதுக்கு நேரமில்லீங்க. அருவிக் கூட்டத்தைப் பாத்துட்டு அப்பா வர இன்னும் ரெண்டு மணி நேரமாகும். அதுக்குள்ள நடோணும். குழி தோண்டத் தெரியுமா? அதாச்சும் தெரியுமா?"

அது தெரியும். ஒரு வேலிக் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு நான் குழி தோண்டத் தோண்ட, அவள் வேரை ஈரப் பாசியில் சுற்றிச் சுற்றிக் கொடுத்தாள். நல்ல வேளை, அன்றைக்கு வெயில் இல்லை. தூறல் வேறு பிடித்தது. என் வெள்ளைச் சட்டை சேற்று நிறமானது. அவளுடைய பச்சைச் சேலையும் அதே நிறத்துக்கு வந்து சேர்ந்தது. பொருத்தம் பார்த்த ஜோசியர் கூட இவ்வளவு பொருத்தம் சொல்லவில்லை. கடைசிக் கன்றை மிதித்து நிமிரவும், அருவிப் பாதையில் அம்மாவின் குரல் கேட்கவும் சரியாக இருந்தது.

கார்டு ஐயா எங்கள் இருவரையும் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"காட்டெருமை வந்து மிதிச்சிருச்சுங்கப்பா" என்றாள் வளர்மதி. "சாஞ்சதையெல்லாம் நிமுத்தி வெச்சோம்."

எனக்காக ஒரு பெண் பொய் சொன்னாள். தேயிலை விலை விழுந்ததிலிருந்து என் பக்கம் யாரும் பேசியதில்லை. 

கார்டு ஐயா திட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் நானும் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு கன்றுகளும் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை நேர்கோட்டில் நின்றன. வரிசைக்கு வரிசை ஒரே இடைவெளி, கன்றுக்குக் கன்று ஒரே இடைவெளி. அச்சு அசல் தேயிலைத் தோட்டம். என் கைக்கு வேறு நடவு தெரியாது.

"செரி, எருமைதான் மிதிச்சுது. காடு எப்ப சாமி நூல் புடிச்ச மாதிரி நின்னுச்சு?" என்று மகளைக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ஏனுங்க, இது எம் பையன் நட்டதாட்ட இருக்குதுங்களே! அவன் வரிசை வெச்சான்னா கோடு கிழிச்ச மாதிரி இருக்குமுங்க!" பெற்ற தாய் பெருமைப்படும் நேரமா அது?

அப்புறம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். அவர் கத்தியிருந்தால் தேவலை. நடுவில் குச்சி ஊன்றி நின்ற சீகைக் கன்றுகளிடம் மெதுவாகப் போய், ஒன்றைக் காட்டினார். "வெளிநாட்டு மரம், உள்ள வந்தா சோலையையே அழிச்சுருமேன்னு இந்தச் சீகையப் புடுங்கிப் புடுங்கித்தான் என் கை காச்சுப் போச்சு. இதுக்கு ஊனுகோல் வெச்சுக் குடுத்த ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அம்மா பாயசத்தைக் கூட இரண்டாம் முறை கேட்கவில்லை. கிளம்பும்போது கார்டு ஐயா ஒன்றே ஒன்று சொன்னார்: "கன்னு துளிர் உடட்டும். அப்புறம் பேசலாமுங்க."

முடியாது என்று அவர் சொல்லவில்லையே! எனக்கு வாரத்தில் நாலு நாள் லீவு; விலை விழுந்ததில் கிடைத்த ஒரே லாபம். மூன்று பஸ் மாறிப் போய்த் தண்ணீர் ஊற்றினேன், புல் அறுத்து வேரைச் சுற்றிப் போட்டேன், வேலியைக் கட்டினேன். எதைத் தொடுவதாக இருந்தாலும் வளர்மதியிடம் கேட்டுவிட்டுத்தான் தொட்டேன். முதலில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள், அப்புறம் கேட்காததற்கும் சொன்னாள். கன்றுகளில் பாதிக்குக் கொஞ்சம் கூடவே பட்டுப்போய்விட்டன. ஒவ்வொன்று காயும்போதும் எனக்குச் சோறு இறங்காது. மிச்சம் இருந்தவை அடுத்த மழையில் செக்கச் செவேலென்று துளிர் விட்டன. தையில் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. திருப்பூருக்கு நான் இன்றுவரை பனியன் வாங்கக் கூடப் போனதில்லை.

அந்த மரங்கள் இப்போது என்னைவிட உயரம். அருவி பார்க்கப் போகிறவர்கள் அந்த வளைவில் நின்று, ஆதிகாலத்துச் சோலைக்கு நடுவே இதென்ன பரேடு என்று கேட்கிறார்களாம். எங்கள் வீட்டில் யாராவது ஒரு வேலையைத் தப்பாக, ஆனால் ரொம்ப நேர்த்தியாகச் செய்துவிட்டால் 'அவலாஞ்சிக் களை' என்று பெயர். என் அக்கா பேரன் கணக்குப் பரீட்சையில் எல்லா விடையையும் தப்பாக எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தான். அதற்கும் அதே பெயர்தான்.

போன மாதம் எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. பலகாரம் சாப்பிட்டு முடிந்ததும், "தம்பி, கொஞ்சம் இப்பிடி வாங்க" என்று வளர்மதி அவனைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே அவள் விதை போட்ட பாத்தியில் முளைத்தும் முளைக்காமலும் ஏதேதோ நின்றன. "இதுல களை எதுன்னு எடுங்க பாக்கலாம்" என்றாள். பின்வாசலில் என்னோடு நின்ற பையனின் அப்பா அம்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

பையன் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "எனக்குத் தெரியலீங்க. நீங்க காட்டுங்க, எடுக்கறேன்."

வளர்மதி உள்ளே வந்து என் காதருகே குனிந்தாள். "தேதி குறிச்சுருங்க" என்றாள்.